மண்டை ஓடு வேண்டாம்: விஷக்காளான் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஷக்காளான் வரையச் சொன்னால் பெரும்பாலான கைகள் முதலில் சிவப்பு வண்ணத்தைத்தான் தேடுகின்றன. சிவப்புக் குடை, மேலே வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு மண்டை ஓடு, மிச்ச இடத்தில் ஒரு தேரை. எல்லாம் வந்துவிடும். திகில் மட்டும் வராது.

அந்தச் சிவப்புக் காளானின் பெயர் ஃப்ளை அகாரிக். ஐரோப்பாவில் பாலில் நசுக்கிப் போட்டு ஈ கொல்லப் பயன்பட்டதால் வந்த பெயர். அதிலுள்ள மஸ்சிமோல் என்ற நஞ்சு மூளையைக் குழப்பும், பிதற்ற வைக்கும், ஆளை அடித்துப் போட்டதுபோல் தூங்க வைக்கும். தின்னக் கூடாத பொருள்தான். ஆனால் அது ஆளைக் கொல்வது அரிது. உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பங்கு டெத் கேப் என்கிற அமானிட்டா ஃபல்லாய்டிஸின் கணக்கில் சேர்கிறது. அதையோ யாரும் ஆசைப்பட்டு வரைவதில்லை. வெளிறிய ஆலிவ் பச்சைக் குடை, பட்டுத்துணி மினுக்கம், அதன் அடியில் மெல்லிய மடிப்புகளாக வெள்ளைச் செவுள்கள், காம்பைச் சுற்றிப் பாவாடைபோல ஒரு வளையம். சந்தையில் கூறு கட்டி வைத்திருந்தால் நாமே பேரம் பேசி வாங்கிவிடுவோம்.

அதனால் முதல் தவறு, கொல்லும் காளானைப் பயங்கரமாக வரைவது. ஊதா நரம்பு, ஒழுகும் சளி, பல் முளைத்த குடை எதுவும் வேண்டாம். டெத் கேப்பைத் தின்றவருக்கு ஆறு மணி நேரம், பலருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அதன்பின் ஒரு நாள்போல உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஆல்ஃபா அமானிட்டின் என்ற நஞ்சு கல்லீரல் செல்களில் புரத உற்பத்தியை முடக்கிக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. இதை மூன்று படங்களாக வரைந்தால், நடுப்படத்தில் நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்கிறார். அந்த ஒரு படத்தின் முன்னால் எந்த மண்டை ஓடும் நிற்காது.

இரண்டாவது, காம்பை மண்மட்டத்தோடு நிறுத்தி வரைவது. அமானிட்டா இனத்தின் அடையாளமே மண்ணுக்குள் இருக்கிறது. டெத் கேப் முட்டை வடிவ வெள்ளை உறைக்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளிவரும். கிழிந்த உறை அடியில் பைபோலத் தங்கிவிடும். நமக்குப் பழக்கமான வைக்கோல் காளானும் இப்படி ஒரு பையிலிருந்துதான் எழும். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்களில் சிலர், ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நம்பி டெத் கேப்பைச் சமைத்து மாண்டிருக்கிறார்கள். வைக்கோல் காளானுக்குக் காம்பில் வளையம் கிடையாது, செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூள் இளஞ்சிவப்பு. டெத் கேப்புக்கு வளையம் உண்டு, தூள் வெள்ளை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வரைந்து, பார்ப்பவரையே தேட விடலாம். மண்ணை வெட்டிக் குறுக்குவெட்டாகக் காட்டினால் அந்தப் பை ஒரு சவத்துணிபோலவே இருக்கும். செயற்கையாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

புள்ளிகளைப் பற்றி: ஃப்ளை அகாரிக்கின் வெள்ளைப் புள்ளி சேலையில் அச்சிட்ட பொட்டு அல்ல. அதுவும் கிழிந்த உறையின் துணுக்குதான். தோலுக்கு மேல் துருத்தி நிற்கும், நிழல் விழும், பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மழைக் காட்சியில் மொட்டைச் சிவப்பாக வரைந்தால் அதுவே சரி.

அதே காளானைப் பட்ட மரக்கட்டையின் மேல் முளைக்கவைப்பது இன்னொரு வழக்கமான பிழை. அது உயிருள்ள பிர்ச், பைன் போன்ற மரங்களின் வேரோடு கூட்டுறவில் வாழ்வது, தரையில்தான் எழும். நீலகிரியின் பைன் தோப்புகளில்கூடப் பதிவாகியிருக்கிறது. தென்னை மரத்தடியில் வைத்தால் கதை கெட்டது. அழுகிய கட்டையில்தான் வேண்டும் என்றால் கலெரினா மார்ஜினேட்டா இருக்கிறது: சிறிய, பழுப்பான, யாரும் திரும்பிப் பார்க்காத காளான். டெத் கேப்பின் அதே நஞ்சுதான் அதிலும்.

இதற்கு நேரெதிரான தவறு, கோரமாகத் தெரிவதெல்லாம் விஷம் என்று எழுதிவைப்பது. ஹிட்னெல்லம் பெக்கி என்ற காளான் வெள்ளை உடம்பில் ரத்தத் துளிபோலச் சிவப்புச் சாற்றைக் கசியவிடும். கடுங்கசப்பே தவிர, கொலைகாரன் அல்ல.

நிழற்படத்தை மட்டும் பார்த்து வரைவதும் ஏமாற்றும், செயற்கை நுண்ணறிவு தரும் படம் இன்னும் மோசம். 2023இல் அப்படித் தயாரானவை என்று சந்தேகிக்கப்பட்ட காளான் கையேடுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது, நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. மாதிரி கிடைத்தால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வேர்த்து அழுகும். காகிதப் பை போதும். சமையலறைக் குளிர்பெட்டி கூடவே கூடாது. தொட்டு வரைவதால் டெத் கேப் கொல்லாது, ஆனால் தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

பார்வைக் கோணத்திலும் ஒரு பிழை உண்டு. நின்றபடி குனிந்து பார்த்து வரைந்தால் குடை மட்டுமே தெரியும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஒட்டோ மார்சியஸ் வான் ஸ்க்ரீக் கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கினார். இருண்ட காட்டுத்தரை, பாம்பு, தேரை, நடுவே காளான். வண்ணத்துப்பூச்சியின் உண்மையான இறக்கையையே ஈர வண்ணத்தில் ஒற்றி எடுத்தவர் அவர். மண்டை ஓடு இல்லாமலே அந்தப் படங்களில் ஏதோ ஒன்று நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, ‘நாளைக்கு வரையலாம்’ என்று விடுவது. இங்க் கேப் காளானிடம் இது நடக்கவே நடக்காது. காலையில் குடை, இரவில் கறுப்புக் குழம்பு. அதில் காமன் இங்க் கேப் என்ற வகையைத் தின்று மதுவும் குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். உருகிய குழம்பை வடிகட்டினால் எழுதும் மை கிடைக்கும். அந்தக் காளானை அதன் மையாலேயே வரையலாம். காய்ச்சும்போது ஒன்றிரண்டு கிராம்பு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் வீட்டில் யாரையும் இருக்கவிடாது.