கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: புதுவீட்டுக்கு மலிவாகத் தளபாடம்

புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்தபின் தளபாடம் தேடுபவர்கள்தான் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். நாள் நெருங்கினால் பேரம் பேச வாய் வராது. அன்றைக்கு உண்மையில் தேவை ஒரு கட்டில், ஒரு மெத்தை, அடுப்படிக்கு ஒரு மேசை. வந்தவர்கள் இருக்க வாடகைக் கதிரை போதும். செற்றி (சோபா), ஷோகேஸ், சாப்பாட்டு மேசை எல்லாம் இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். அந்த இடைவெளியில்தான் நல்ல பழைய சாமான் கைக்கு வரும்.

முதலில் அளவு. வாசல் நிலைகளின் உள் அகலம், படிக்கட்டுத் திருப்பம், யன்னல் அடிக்கட்டின் உயரம் ஆகியவற்றை அங்குலத்தில் எழுதிப் போனில் வைத்திருங்கள். கட்டிலில் அதிகம் பிழை வருவது நீளத்தில். இங்கே, இலங்கையின் கிழக்கில், மெத்தை 72 அங்குலத்திலும் 75 அங்குலத்திலும் விற்கிறது. 72க்குச் செய்த பழைய கட்டிலுக்கு 75 மெத்தை வாங்கினால் கால்மாட்டில் மடிந்து நிற்கும். கட்டிலின் உள்நீளத்தையும் உள்ளகலத்தையும் அளந்த பிறகுதான் மெத்தைக் கடைப் பக்கம் போக வேண்டும்.

மட்டக்களப்பு நகர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியோரக் கடைகளில் ஒரே மாதிரிப் புதுச்சாமானுக்கு விலை பெரிதாக மாறாது. பெரிய மிச்சம் பழைய சாமானில்தான். இடமாற்றம் கிடைத்த ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் வருடக் கடைசியில் சாமானைக் கழிப்பார்கள். வெளிநாடு போகிற குடும்பம் வீட்டோடு விற்கும். பாசிக்குடா, அறுகம்பே விடுதிகளில் பருவம் முடிந்தபின் கேட்டுப் பார்க்கலாம், பிரம்புக் கதிரையும் ஒற்றைக் கட்டிலும் சிலவேளை அகப்படும். அரச அலுவலகங்கள் கழித்த மேசை, இரும்பு அலுமாரிகளை ஏலத்தில் விடும். அறிவித்தல் பலகையைக் கவனியுங்கள். பெரும்பாலும் குவியலாகத்தான் விடுவார்கள், எனவே பார்வையிட விடும் நேரத்தில் போகாமல் கை தூக்காதீர்கள். இக்மன் விளம்பரத் தளத்திலோ பேஸ்புக்கிலோ கண்டால் முதலில் கேட்க வேண்டியது அடிப்பக்கப் படம். அதை அனுப்பத் தயங்குபவருக்கு முற்பணம் போடவே கூடாது.

சாமானின் முன்பக்கம் விற்பதற்காக மினுக்கியது. உண்மை அடியிலும் முதுகிலும் இருக்கிறது. டோர்ச் லைட், அளவு நாடா, ஒரு கறுப்புத் துணி கொண்டு போங்கள். மேசையைக் கவிழ்த்து, பொலிஷ் படாத மரத்தைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகள் இருந்தால் கறுப்புத் துணியை விரித்து மரத்தை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் மா மாதிரித் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. துளை பழுப்பேறி, தூளும் விழாவிட்டால் பெரும்பாலும் பழைய கதை. உளு என்கிற இந்த மரப்பூச்சி பெரும்பாலும் மரத்தின் வெளிறான பகுதியைத்தான் பிடிக்கும், வைரம் பாய்ந்த பகுதியை அவ்வளவாகத் தொடாது. ஆகவே ஒரு காலில் மட்டும் வெளிறு ஓடியிருந்தால் அந்தக் காலை மாற்றும் செலவைக் கழித்து விலை கேட்கலாம். ரப்பர் மரம், மாமரம் என்றால் முழுவதையுமே சந்தேகியுங்கள்.

கதிரையை மட்டமான தரையில் வைத்து, முன்கால் ஒன்றை மட்டும் அரையடி தூக்குங்கள். இறுக்கமான கதிரையில் மற்ற முன்காலோ அதே பக்கப் பின்காலோ உடனே கூட எழும். எழும்பாமல் சட்டம் முறுகினால் பொருத்து விட்டுவிட்டது. பொருத்து விடுவது தீராத நோயல்ல, கழற்றிப் பழைய பசையைச் சுரண்டிப் புதுப்பசை போட்டு ஒருநாள் இறுக்கிக் கட்டி வைத்தால் நிற்கும். ஆனால் அந்த இடத்தில் முன்பு ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

அலுமாரிக் கதவு சரியாகப் பூட்டவில்லையா? சட்டத்தின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் சட்டம் சரிந்துவிட்டது. அதற்குமுன் தாழ்ந்த மூலையின் அடியில் மடித்த மட்டையை வைத்துப் பாருங்கள். கதவு நேராகிவிட்டால் குற்றம் தரையில். இதை அறியாமல் மலிவாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்ததை மினுக்கி விற்றால் அடையாளம் இதுதான்: கால்களில் ஒரே மட்டத்தில் நிறக் கோடு, லாச்சி (இழுப்பறை) ஓடும் தடத்தில் காய்ந்த சேறு, பின்பலகை ஆணித்தலையில் துரு. வைர மரம் நனைந்தாலும் காய்ந்து எழும்பும். மரத்தூளை அமுக்கிச் செய்த மெலமைன் பலகை ஒருதரம் ஊதினால் ஊதினதுதான். எங்கள் கணிப்பில், கீறல் விழுந்த பழைய முதிரை மர அலுமாரிக்குக் கொடுக்கும் காசு புது மெலமைன் அலுமாரிக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

மரத்தின் பேரைக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், நிறத்தைச் சாயம் தந்துவிடும். முதிரை வெளிர் மஞ்சளாக, பட்டு மாதிரி மினுங்கும், கை கனக்கும். தேக்கு அவ்வளவு கனமில்லை. சுரண்டிய இடத்தைத் தடவினால் எண்ணெய்ப் பிடிப்புத் தெரியும், தோல் மணம் மாதிரி ஒன்று அடிக்கும். மகோகனி செம்பழுப்பு. அடியில் ஒரு நகக்கீறல் அளவு சுரண்டிப் பார்க்க விற்பவர் விடவேண்டும்.

கட்டிலில் போல்ட் ஓட்டைகளையும் பலகை இடுக்குகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தினது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. பழைய மெத்தையும் துணி செற்றியும் எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். கடலோர வீட்டுக்கு இரும்பு அலுமாரி வாங்கினால் அடித்தட்டைக் கையால் தடவுங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் தின்னும்.

விலை பேசும்போது குறையைக் காட்டிப் பேசுங்கள், சாமானைப் பழிக்காதீர்கள். “காக்கா (அண்ணன்), இந்தக் கால் மாத்தணும், பொலிஷும் போடணும், பட்டா லொறிக் கூலியும் என்ட தலையில. கடைசியா எவ்வளவு?” என்று கேட்டால் கணக்கு இருவருக்கும் தெரியும். படியாவிட்டால் “மறுகா (பிறகு) வாறன்” என்று நகருங்கள். கேட்ட விலையோடு லொறி, தூக்கு கூலி, பழுது மூன்றையும் கூட்டியபின் புதுச்சாமான் விலையின் பாதியைத் தாண்டினால் நாங்கள் வாங்கமாட்டோம்.

தவணையில் வாங்குகிறவர் ஒரு கூட்டல் போடுங்கள். கைக்காசுக்கு 90,000 ரூபாய் என்ற செற்றிக்கு முற்பணம் 10,000, மாதம் 9,500 வீதம் 12 மாதம் என்று வைத்தால் மொத்தம் 124,000. இந்த 34,000 வித்தியாசத்தில் ஒரு பழைய மேசைக்குப் பொலிஷ் வேலையே முடித்துவிடலாம்.

ஓடாவியிடம் (தச்சரிடம்) செய்விப்பதானால் மரக்காசையும் கூலியையும் பிரித்துக் கேளுங்கள். 5 அடிக்கு 3 அடி மேசை, ஓர் அங்குல மேற்பலகை 1.25 கன அடி. 3 அங்குலச் சதுரத்தில் இரண்டரை அடிக் கால் நான்கு, 0.63. நாலங்குலச் சுற்றுச் சட்டம் சுமார் 0.4. மொத்தம் 2.3க்குக் கிட்ட, சீவல் கழிவோடு 2¾ கன அடி. நாலு கன அடி கேட்டால் காரணம் கேளுங்கள். ஓர் அங்குலம் என்பது சீவுமுன்னா சீவியபின்னா என்பதையும் எழுதிக் கொள்ளுங்கள், சீவினால் முக்காலாகிவிடும். காசை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கை வீட்டில் பொருத்தியபின் கொடுங்கள்.

காலமும் காசுதான். மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மரம் ஈரம் குடித்து ஊதும். அப்போது இறுகி நிற்கும் லாச்சி வரண்ட கச்சான் காற்றுக்குக் கழன்று ஓடும். ஆகவே மாரியில் லாச்சி இறுக்கம் என்பதற்காக ஒரு நல்ல அலுமாரியைத் தள்ளிவிடாதீர்கள், உடனே சீவவும் வேண்டாம். கச்சானில் அதே லாச்சி ஒட்டினால்தான் அது செய்கைப் பிழை. பொலிஷை மாரியில் போட்டால் ஈரம் பிடித்து வெள்ளை பூக்கும். வாங்குவதை மாரியில் வாங்கி, பங்குனி வெயில் வந்தபின் பொலிஷ் போடுவிப்பது லாபம்.

கட்டிலைக் கழற்றுமுன் ஒவ்வொரு மூலையிலும் சோக்கட்டியால் 1-1, 2-2 என்று சோடி இலக்கம் போடுங்கள், இல்லாவிட்டால் போல்ட் ஓட்டைகள் நேர்ப்படாது. வீட்டுக்கு வந்ததும் கால்களின் வெட்டுமுனையில் இரண்டு தரம் வார்னிஷ் குடிக்க விட்டு, காய்ந்தபின் ரப்பர் குண்டு மாட்டுங்கள். தரை கழுவும் தண்ணீர் அந்த முனை வழியாகத்தான் ஏறும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். புது வீட்டுச் சுவர் முதல் மாரிக்கு வியர்க்கும்.