இரண்டாம் மால்கமின் வாரிசுச் சண்டையைத் தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி

அல்பா, அதாவது இன்றைய ஸ்காட்லாந்தின் அன்றைய கேலிக் மொழி பேசியோரின் அரசு. அதை இரண்டாம் மால்கம் 1005 முதல் 1034 வரை ஆண்டார். அவருக்கு முன் ஆண்டோரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் விளங்கும்.

தாளின் உச்சியில் கென்னத் மக்அல்பின் (இறப்பு 858). கீழே இடப்பக்கம் அவர் மகன் கான்ஸ்டன்டைன், வலப்பக்கம் இன்னொரு மகன் ஆயிட். 943-இலிருந்து ஒவ்வோர் அரசரையும் தந்தை பெயரோடு உரிய பக்கத்தில் எழுதுங்கள். முதலாம் மால்கம் இடம், இண்டுல்ஃப் வலம், டவ் இடம், குலென் வலம், இரண்டாம் கென்னத் இடம், மூன்றாம் கான்ஸ்டன்டைன் வலம். கேலிக் வழக்கில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி இல்லை. அரச குலத்தில் ஆளத் தகுதியுள்ள எவரும் உரிமை கோரலாம். மாறி மாறி வருவதும், இத்தனை கொலைகளும் அதனால்தான்.

பலர் சறுக்கும் இடம் இதற்குப் பின்தான். 997-இல் கான்ஸ்டன்டைன் போரில் விழுந்ததும் வலப்பக்கம் நின்றுவிடுகிறது. அடுத்து வந்த மூன்றாம் கென்னத் டவின் மகன். 1005-இல் மன்ஸிவேர்டில் அவரை வீழ்த்திய மால்கமோ டவின் தம்பி இரண்டாம் கென்னத்தின் மகன். ஆக அது இரு கிளைச் சண்டை அல்ல, ஒரே கிளையின் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மோதியது. இடப்பத்தியையும் இரண்டாகப் பிளந்து வரையுங்கள்.

ஆண்டுகளை அயர்லாந்தின் இடைக்கால வரலாற்றுப் பதிவான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பில் சரிபார்க்கும்போது கவனம் தேவை: பழைய பிரதியில் 1013 வரை ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும், ஒன்றைக் கூட்டுங்கள். அதன் சொற்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 995-இல் இரண்டாம் கென்னத் 'வஞ்சகத்தால்' கொல்லப்பட்டார். 1005 'அல்பாவினர் தமக்குள்' நடத்திய போர். 1034-இல் மால்கம் 'இறந்தார்', அவ்வளவுதான். கிளாமிஸில் அவர் கொலையுண்டார் என்பது பிற்கால எழுத்துகளில் வருவது. அதை வேறு நிற மையில் எழுதுங்கள்.

கடைசியாக 1033. கென்னத் மகன் பொய்ட்டேயின் பேரனை மால்கம் கொன்றார். அந்தக் கென்னத்தை மூன்றாம் கென்னத் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். தன் மகள் பெத்தோக்கின் மகன் டங்கனுக்கு வழிவிடவே இந்தக் கொலை என்று கொள்வதே பொருந்துகிறது. ஆனால் பொய்ட்டேயின் மகள் குரூக் உயிரோடிருந்தார். அவரிடமிருந்து மக்பெத்துக்கு ஒரு புள்ளிக்கோடு இழுங்கள்: குரூக்கின் கணவரான அந்த மக்பெத்தான் 1040-இல் டங்கனை வீழ்த்தினார்.