பி-அடிக் குடும்பங்களில் லோக்கல் நிபந்தனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஒரு கலோவா ரெப்ரசென்டேஷனுக்கு (கலோவா குழுவை மேட்ரிக்ஸ்களாகக் காட்டும் அமைப்பு) செல்மர் குழுவை, அதாவது லோக்கல் நிபந்தனைகளை நிறைவேற்றும் கோஹோமாலஜி வகுப்புகளின் குழுவை, வரையறுத்துப் பழகியவர்கள், அதே வரையறையை ஒரு குடும்பம் முழுவதற்கும், அதாவது பி-அடிக் முறையில் தொடர்ச்சியாக மாறும் ரெப்ரசென்டேஷன்களுக்கும், நீட்டப் பார்ப்பது வழக்கம். லோக்கல் நிபந்தனை என்பது பி-அடிக் களத்தின் மேல் முதல் கோஹோமாலஜியில் தேர்ந்துகொள்ளும் ஓர் உள்வெளி. குடும்பத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், அதாவது ஒவ்வொரு ரெப்ரசென்டேஷனுக்கும், ப்ளாக்கும் காடோவும் 1990-இல் தந்த நிபந்தனை இருக்கிறதே, அவற்றைக் கோத்துவிட்டால் போதாதா? போதாது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பகா எண்ணை 5 என்று வைத்துக்கொள்வோம். 5-அடிக் களத்தின் மேல் (இங்கே 5-இன் பெரிய அடுக்கால் வகுபடும் எண்கள் பூஜ்யத்துக்கு அருகில்) சைக்ளோடோமிக் கேரக்டரின், அதாவது 1-இன் 5-அடுக்கு மூலங்களின் மேல் கலோவா குழு செயல்படும் விதத்தின், 3-ஆம் அடுக்கையும் −97-ஆம் அடுக்கையும் எடுங்கள். அடுக்குகளின் வித்தியாசம் 100 என்பதால், மாடுலோ 125-இல் இரண்டும் ஒன்றேதான். முதல் கோஹோமாலஜியும் இரண்டுக்கும் ஒரு பரிமாணம்தான். ஆனால் ப்ளாக்–காடோ உள்வெளி 3-க்கு முழு வெளி, −97-க்கு பூஜ்யம். நேர் எண்களும் எதிர் எண்களும் 5-அடிக் தூரத்தில் இப்படிப் பின்னிக் கிடப்பதால், இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் ஓர் உள்வெளியைக் குடும்பத்தின் மேல் வரையவே முடியாது.

சரி, நேர் அடுக்குகளோடு நின்றுகொண்டால்? அடர்த்தியான புள்ளிகளில் நிபந்தனை நிறைவேறினால் எல்லையிலும் நிறைவேறும் என்ற நம்பிக்கை அடுத்த தவறு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1-இன் 5, 25, 125 என்ற படிகளின் ஆதி மூலங்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி தேர்ந்து, ஒவ்வொன்றையும் 1-இலிருந்து கழியுங்கள். வரும் எண்கள் நார்முக்குக் கட்டுப்பட்ட சங்கிலி: ஒன்றின் நார்ம் அதற்கு முந்தையது. அடித்தளத்துக்கு இறக்கினால் கிடைப்பது 5. இந்தச் சங்கிலியை சூலே முறைப்படி ட்விஸ்ட் செய்தால் (கேரக்டரின் அடுக்குகளால் பெருக்கி வேறு அடுக்குக்கு மாற்றினால்) 5, 21, 101, 501 ஆகிய அடுக்குகளில் வகுப்புகள் வரும். அங்கெல்லாம் ப்ளாக்–காடோ உள்வெளி முழு வெளியே என்பதால், நிபந்தனை தானாகவே சரி. அந்த அடுக்குகள் 5-அடிக் முறையில் 1-ஐ நெருங்குகின்றன. 1-ஆம் அடுக்கில் நிற்பதோ 5-இன் கும்மர் வகுப்பு, அதாவது 5 என்ற எண் முதல் கோஹோமாலஜியில் தரும் வகுப்பு! அங்கே முதல் கோஹோமாலஜி இரு பரிமாணம். ப்ளாக்–காடோ உள்வெளி அலகுகள் தரும் கோடு மட்டுமே. 5 அதில் இல்லை.

காரணம் இரண்டாம் கோஹோமாலஜியில் இருக்கிறது. 1-ஆம் அடுக்கில் மட்டும் அது பூஜ்யமல்லாமல் ஒரு பரிமாணமாகிறது. அதனால் குடும்பத்தின் முதல் கோஹோமாலஜியைப் புள்ளிக்கு இறக்கினால், புள்ளியின் இரண்டு பரிமாணத்தில் ஒன்றுதான் நிரம்புகிறது. கோஹோமாலஜியைத் தனித்தனியாக இறக்காமல், அது கணக்கிடப்படும் காம்ப்ளெக்ஸை முழுதாக இறக்குங்கள். நெகோவார் 2006-இல் விரிவாக வெளியிட்ட செல்மர் காம்ப்ளெக்ஸ் இதற்கென்றே அமைந்தது.

அப்படியானால் லோக்கல் நிபந்தனையாகக் குடும்பத்தின் மேல் வைக்க வேண்டியது ஓர் உள்-ரெப்ரசென்டேஷன். ஹிடா குடும்பங்களில் (ஆர்டினரி மாடுலர் வடிவங்களின் பி-அடிக் குடும்பங்கள்) கிரீன்பெர்க் நிபந்தனை அப்படிப்பட்டது. ஆனால் அது எல்லாப் புள்ளியிலும் ப்ளாக்–காடோவோடு ஒத்துப்போகும் என்று எழுதிவிடாதீர்கள். கண்டக்டர் 11 உள்ள நீள்வட்ட வளைவு எக்ஸ்-நாட்(11)-க்கு 11-இல் ஸ்ப்ளிட் மல்டிப்ளிகேட்டிவ் ரிடக்ஷன் (மாடுலோ 11-இல் வளைவு தன்னையே வெட்டும் புள்ளி உண்டு, அங்குள்ள தொடுகோடுகள் அந்தக் களத்திலேயே கிடைக்கும்). ரேங்க் 0, ப்ளாக்–காடோ செல்மர் வெளியும் பூஜ்யம். ஆனால் 11-அடிக் செல்மர் காம்ப்ளெக்ஸின் முதல் கோஹோமாலஜி ஒரு பரிமாணம். உள்-ரெப்ரசென்டேஷனை நீக்கிய ஈவுப்பகுதி, கலோவா குழு எதையும் மாற்றாத அற்ப ரெப்ரசென்டேஷன் என்பதால், அதன் நிலைத்த வெக்டர் உள்ளே வந்துவிடுகிறது. மேசர், டேட், டைடல்பாம் 1986-இல் கண்ட மிகைப் பூஜ்யத்தின் (பி-அடிக் எல்-சார்பில் கூடுதலாகத் தோன்றும் பூஜ்யம்) இயற்கணித முகம் இது. பிழை என்று துடைத்தெறியக் கூடாது.

ஐகன்கர்வில் (மாடுலர் வடிவங்களின் பி-அடிக் குடும்பங்களைப் புள்ளிகளாகக் கொண்ட வளைவு) ஆர்டினரி அல்லாத பகுதியில் அந்த உள்-ரெப்ரசென்டேஷனே கிடையாது. ரெப்ரசென்டேஷனுக்கு இணையான ஃபை-காமா மாட்யூலின் உள்மாட்யூல்தான் கைகொடுக்கும். அதுவும் சில கிரிட்டிகல் புள்ளிகளில் சாச்சுரேட்டட் ஆக இருப்பதில்லை, அதாவது ஈவில் டார்ஷன் வந்துவிடுகிறது. நிறுவலில் அந்தப் புள்ளிகளை வெளிப்படையாக விலக்கிவிட்டு மேலே போங்கள்.