அப்பாவுக்குக் காவடி, அம்மாவுக்குச் சபை: நடுவில் நிற்கும் பிள்ளையை எழுதுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் என்னிடம் கதை எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அப்பா, அம்மா இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும்வரை முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

எங்கள் தெருக்களில் பார்க்கக்கூடிய ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். அப்பா முருகனுக்குக் காவடி எடுப்பவர். அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். பதின்மூன்று வயதில் ஒரு மகள்.

அப்பா இதே டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவராக இருக்கட்டும். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி அங்கிருந்த குடும்பங்களைப் பெயர்த்தார்கள். 1960களில் பலரை சாட்ஸ்வொர்த்தின் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடும் தோட்டமும் அக்கம்பக்கமும் போனபின் அவருக்கு மிஞ்சியது அந்தக் காவடிதான். அம்மாவின் காரணத்துக்கும் அதே கனம் வேண்டும். குடியில் அழிந்துகொண்டிருந்த அண்ணனைத் தூக்கி நிறுத்தியது சபை என்று வையுங்கள். பெதஸ்தா போன்ற சபைகள் 1930களிலிருந்தே இங்கே தமிழ்க் குடும்பங்களுக்குள் வேர்விட்டவை. ‘மதம் மாறியவள்’ என்று ஒரே வரியில் அம்மாவை முடித்துவிடும் கதைகளைப் படித்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

கொள்கைகளை வசனமாக எழுதாதீர்கள், தட்டில் வையுங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு ஆயா ஒரு தூக்கில் கொண்டுவருகிறார். படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று கொரிந்தியர் நிருபத்தைக் காட்டி அம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கோ பசி, ஆயா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குடிக்கிறாளா? வாயில் ஒதுக்கிக்கொண்டு கொல்லையில் போய்த் துப்புகிறாளா? குடித்துவிட்டு ராத்திரி ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைக்கிறாளா? இங்கே அவசரப்படாமல் இரண்டு மூன்று பக்கம் எழுதுங்கள். நெற்றியும் அப்படித்தான். சபை வாசலில் பொட்டை அழித்த கைக்குட்டையை அம்மா துவைக்கும்போது பார்க்கட்டும். ஒன்றும் கேட்காமல் காயப்போடட்டும்.

கணவன் மனைவிக்குள் அன்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தவிப்பே இல்லை, ஒருவரைவிட்டு ஒருவரிடம் போய்விடுவாள். காவடி விரத நாட்களில் அம்மா கோயில் பக்கம் வரமாட்டார். ஆனால் கறிச்சட்டியை ஒதுக்கிவிட்டு, தனிப் பாத்திரத்தில் அப்பாவுக்குப் பருப்பும் கீரையும் சமைப்பார். இப்படி ஒரு காட்சி கட்டாயம் வேண்டும்.

மகளுக்கும் சொந்தமாக ஓர் ஆசை கொடுங்கள். சபையில் டிரம்ஸ் வாசிப்பவள், காவடி மேளம் கேட்டாலும் விரல் நிற்காதவள் என்று வைத்தால் இரண்டு பக்கமும் அவளை இழுக்கும்.

1984 ஆகஸ்டில், நிறவெறி ஆட்சி நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று வைத்த தனி அவைக்கு நடந்த தேர்தலை, பெரும்பாலோர் புறக்கணித்ததை, பின்னணியாக வைக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது இன்னொரு நாவலுக்கு. ஒரே வீட்டில் இரண்டு சண்டையையும் திணித்தால் எதுவும் ஆழமாக வராது.

கடைசியில் நோயையோ விபத்தையோ கொண்டுவந்து எல்லாரையும் சேர்த்துவைக்காதீர்கள். தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வரட்டும்; சபையும் காவடியும் ஒரே காலையில். எங்கே போவதென்று அவளே முடிவெடுக்கட்டும். அவள் வராத இடத்தில் காத்திருந்தவர் அன்று மதியம் அவளுக்குச் சோறு போடுவதையும் எழுதுங்கள். அந்தக் காட்சி வர மறுத்தால், முந்தைய அத்தியாயங்களில் அவரை அரைகுறையாக விட்டிருக்கிறீர்கள். அங்கே திரும்பிப் போய் அவரை எழுதுங்கள்.