ரெண்டு பரப்பு வளவுக்கு எந்தக் கோழி?

எந்தச் சாதிக் கோழி நல்லது எண்டு கேக்கிற ஆக்களிட்ட நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான்: பகலில திறந்து விடப்போறீங்களோ, கூட்டுக்குள்ளயே வைச்சிருக்கப்போறீங்களோ? முட்டைக் கணக்கைப் பிறகு பாக்கலாம்.

கூட்டுக்குள்ளதான் எண்டால் பிறவுண் லேயர் வாங்குங்கோ. ஷேவர் பிறவுண், ஹைலைன் பிறவுண் எண்டு விக்கிற கலப்புக் கோழியள். 18, 20 கிழமையில முட்டை தொடங்கும், வருசத்துக்கு 300 அளவில தரும். ஆனால் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் அளவில லேயர் தீன் போடவேணும். குசினி மிச்சத்தைத் தவிட்டோட குழைச்சுப் போட்டிட்டு அந்த 300 ஐப் பாத்துக்கொண்டிருந்தால் சரிவராது. இது அடை கிடக்கிறதும் அருமை. முட்டையை வேற கோழிக்கு வைச்சுப் பொரிச்சாலும் குஞ்சு தாயைப்போல வராது. முட்டை குறைய எல்லாம் சட்டிக்குத்தான், அடுத்த தொகுதிக்குத் திரும்பவும் காசு.

வெள்ளை லெகோண் குறைவாத் தின்னும், வெக்கையும் தாங்கும். ஆனால் சரியான பறப்பு. வேலிக்கு மேலால அடுத்த வளவுக்குப் போய் முட்டையைப் போட்டிட்டு வரும். யாழ்ப்பாணத்தில வேலிச் சண்டைக்கு ஏற்கெனவே காரணம் காணும், கோழியையும் சேக்காதேங்கோ. வெள்ளை நிறம் பிராந்துக்கும் நல்லாத் தெரியும்.

திறந்து விடுறதெண்டால் என்ர தெரிவு ஊர்க்கோழி, அதோட ரெண்டு மூண்டு றோட் ஐலண்ட் றெட் பேடு. ஊர்க்கோழி வருசத்துக்கு 60, 80 முட்டைதானே எண்டு சிரிப்பினம். சிரிக்கட்டும். அது பத்துப் பதினைஞ்சு முட்டை போட்டிட்டு அடைக்குக் கிடக்கும், 21 நாளில பொரிக்கும், காகமோ கீரியோ கிட்ட வந்தால் செட்டையை விரிச்சுக்கொண்டு பாயும். முட்டை பொரிக்கிற மிசின் மாதிரி இல்லை, கரண்ட் நிண்டாலும் அதின்ர சூடு குறையாது. றோட் ஐலண்ட் றெட் சாதுவான கோழி, பாரமானது, வேலி பாயிறது குறைவு. நல்லாத் தீன் போட்டால் 200க்கு மேல முட்டை தரும். அடைக்குப் பெரிசா நம்பேலாது, அதாலதான் அதின்ர முட்டையையும் ஊர்ப்பேட்டுக்குக் கீழ வைக்கிறது. கழுத்தில மயிரில்லாத ஊர்க்கோழி கிடைச்சால் வடிவில்லை எண்டு தள்ளாதேங்கோ. வெக்கை வெளியேற வழி இருக்கிறபடியால் சித்திரை வெயிலை அது நல்லாத் தாங்கும். கறுப்பு ஒஸ்ரலோப்பும் நல்ல சாதிதான், ஆனால் வளவில வேம்போ மாமரமோ நிழலுக்கு இருக்கவேணும்.

மண்ணிற முட்டையில சத்துக் கூட எண்டு ஒரு கதை இருக்கு. ஓட்டின்ர நிறம் சாதியால வாறது, சத்தால இல்லை. பேட்டின்ர காதுச் சோணையைப் பாருங்கோ: வெள்ளைச் சோணைக்கு அனேகமா வெள்ளை முட்டை, சிவப்புக்கு அனேகமா மண்ணிறம்.

சேவல் முட்டைக்குத் தேவையில்லை, குஞ்சுக்குத்தான். பத்துப் பேட்டுக்கு ஒண்டு காணும். றோட் ஐலண்ட் சேவலை ஊர்ப்பேட்டோட விட்டால் குஞ்சுகள் பெரிசா வரும், முட்டையும் கூடும், ஆனால் அடைக் குணம் மெல்ல மெல்லக் கழண்டுபோகும். அதால ஊர்ப்பேடு ரெண்டையாவது கலப்பில்லாமல் வைச்சிருங்கோ.

வாங்கேக்க கண் தெளிவோ, பின்பக்கம் காய்ஞ்சு துப்பரவோ, மூச்சில இரைச்சல் இருக்கோ எண்டு பாருங்கோ. இராணிக்கெற் எண்ட கோழித் தொற்றுநோய்க்கு ஊசி போட்டதோ எண்டு கேளுங்கோ; இல்லையெண்டால் மிருக வைத்தியரிட்டக் கேட்டுப் போடுவியுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மாரிக்குள்ள குஞ்சு வாங்கவேண்டாம், ஈரத்தில இரத்தக்கழிச்சல் வந்திடும். தை பிறந்து நிலம் காயட்டும்.