கேஎல்-இல் நல்ல மீன் சாப்பாடு தேடுவது எப்படி

கோலாலம்பூரில், அதாவது கேஎல்-இல், கடல் இல்லை. பக்கத்துக் கடற்கரை என்றால் கிள்ளான் துறைமுகம், அதுவே சுமார் 40 கிலோமீட்டர். எவ்வளவு பெரிய பலகை மாட்டியிருந்தாலும் சரி, இந்த நகரத்தில் உங்கள் இலைக்கு வரும் கடல் மீன் லாரியில் ஏறி, ஐஸில் கிடந்து, இரண்டு மூன்று கை மாறித்தான் வருகிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை, ஒழுங்காக ஐஸ் போட்ட மீன் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். ஆனால் 'எது நல்ல கடை' என்று ஊரெல்லாம் விசாரிப்பதைவிட, இன்றைக்கு என்ன மீன் வந்தது, இந்தக் கடைக்காரர் எதைச் சமைப்பதில் கெட்டிக்காரர் என்ற இரண்டையும் விசாரித்தால் பல நாள் ஏமாற்றம் மிச்சம். நல்ல கடையிலும் தவறான நாளில் தவறான மீனைக் கேட்டால் கிடைப்பது சுமார்தான்.

முதலில் நாள் பார்க்கப் பழகுங்கள், நல்ல காரியத்துக்குப் பார்ப்பது போலவே. மீன் லாரிகள் நள்ளிரவில் சிலாயாங் மொத்தச் சந்தையில் சரக்கை இறக்கும், விடிவதற்குள் சின்ன மார்க்கெட்டுகளுக்கும் கடைகளுக்கும் போய்விடும். மார்க்கெட்டில் பல மீன் வியாபாரிகள் திங்கட்கிழமை கடை போடுவதில்லை. அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் இருக்கும் மீன் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்ததுதான், ஆகவே திங்களன்று கோழியோ ஆடோ சாப்பிடுங்கள், மீன் ஓடிவிடாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, கிழக்குக்கரையில் அலை பெரிதாக இருக்கும், படகுகள் அடிக்கடி கரையிலேயே நிற்கும், இங்கே விலை ஏறும். சீனப் புத்தாண்டுக்கு முன் வெள்ளை வவ்வால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். புத்தாண்டு முடிந்த சில நாட்களுக்கும் வரத்து குறைவுதான், மேற்குக்கரையில் மீன்பிடித் தொழிலில் சீனர்கள் அதிகம், அவர்கள் பண்டிகை முடித்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். நம் பக்கத்துக் கணக்கு வேறு. புரட்டாசி முழுவதும் நம்மவர்கள் பலர் கவுச்சி தொடுவதில்லை, மாதம் முடிந்த முதல் வார இறுதியில் மீன் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தச் சனி ஞாயிறில் வாழையிலைக் கடைகளில் மீன் வறுவல் பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிடும், முன்னதாகப் போய்விடுங்கள்.

அடுத்தது, சமைக்காதவராக இருந்தாலும் ஒரு நாளாவது காலை ஏழு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போங்கள். புடு மார்க்கெட்டுக்கு எல்ஆர்டி ரயிலில் போகலாம், சௌக்கிட்டுக்கு மோனோரெயிலில் போகலாம், தாமான் துன் மார்க்கெட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சௌக்கிட்டில் கூட்டமும் ஈரமும் அதிகம், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் மீனைப் பார்த்து எடைபோடத் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பாடம் இங்கேதான் நடக்கும்.

கண் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஐஸ் தண்ணீரில் ஊறிய சிவப்பு மீனுக்கு நல்ல மீனாக இருக்கும்போதே கண் மங்கும், அதனால் கண்ணோடு நிறுத்தாதீர்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருந்தால் சரி, செங்கல் பொடி நிறத்துக்கு வந்துவிட்டால் வேண்டாம். வயிற்றில் விரலை வைத்து அழுத்துங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் பழசு. கெம்போங் என்ற கானாங்கெளுத்தியில் இது சட்டென்று தெரியும், வயிறு பிளந்து குடல் எட்டிப் பார்க்கும். துண்டு போட்ட தெங்கிரி (வஞ்சிரம்) வாங்கினால் நடு எலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சதையைப் பாருங்கள். அது சிவந்திருக்க வேண்டும், பழுப்பு ஏறி வெட்டிய முகம் காய்ந்திருந்தால் நேற்றே வெட்டியது. பாரி என்ற திருக்கையும் சுறாவும் தனி ரகம், சதையில் யூரியா இருப்பதால் பழசானால் அம்மோனியா வாடை குப்பென்று மூக்கில் ஏறும், எவ்வளவு புளி விட்டாலும் போகாது. சோத்தோங் என்ற கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாக இருந்து சதை கண்ணாடி போல இருந்தால் எடுங்கள், பால் வெள்ளையாகி இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். இறாலின் தலை கறுத்து ஆடினால் அடுத்த கடை.

நண்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உயிரோடு கட்டி வைத்திருக்கும் சேற்று நண்டைத் திருப்பி, கடைசிக் காலுக்குப் பக்கத்தில் வயிற்று ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான், கல் மாதிரி இருந்தால் சதை இருக்கிறது. கட்டியிருக்கும் நனைந்த கயிற்றுக்கும் சேர்த்துத்தான் தராசு காசு வாங்கும், தடிமனான கயிறாக இருந்தால் வாய்விட்டே கேளுங்கள், சீன ஆன்ட்டி சிரித்துக்கொண்டே "தங்கச்சி, நீ ரொம்ப கெட்டிக்காரி" என்று கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. நான் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, கட்டைவிரலைத்தான் நம்புகிறேன்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். கெம்போங், தெங்கிரி, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்தால் 'எனக்கு மீன் அலர்ஜி' என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல சமயம் குற்றம் உடம்பில் இல்லை, ஐஸ் போடாத மீனில்தான். மூச்சு முட்டினால் மட்டும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாயில் வைத்ததும் மிளகு போல நாக்கைச் சுரண்டும் மீனைத் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

சரி, கடைக்குப் போவோம். வாழையிலைக் கடை என்றால் பதினொன்றரைக்குப் போங்கள். வறுத்த மீனைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கும் நேரம் அது, ஒரு மணிக்குமேல் போனால் மிஞ்சியது கிடைக்கும். சாதம், காய், ரசம், அப்பளம் எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் தெரிவது மீன் குழம்பிலும் பிரட்டலிலும். உட்கார்ந்ததும் சோத்தோங் பிரட்டலும் நண்டும் ஏந்திக்கொண்டு தட்டோடு வருவார்கள், "அண்ணே, இது எவ்வளவு?" என்று தட்டு மேசையில் இறங்குமுன் கேட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு கேட்பது கணக்குத் தெரிந்துகொள்ளத்தான் உதவும். மீன் தலைக் கறி கேட்டால் என்ன தலை என்றும் கேளுங்கள். சிவப்பு மீன் தலையில் கன்னத்துச் சதையும் கண்ணைச் சுற்றிய கொழுப்பும் இருக்கும், பெரிய தலை என்றால் நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். நல்ல கடையில் குழம்பின் மேல் எண்ணெய் பிரிந்து நிற்கும், வெண்டைக்காய் உடையாமல் இருக்கும், தலையை நீங்கள் சொன்ன பிறகு குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள், ஆகவே இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் அது காலையிலிருந்தே குழம்பில் குளித்துக்கொண்டிருந்த தலை.

ஒரு கடையை எடைபோட எளிய வழி, வரும் ஆட்கள் வாய் திறந்து என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பது. பத்து மேசையில் எட்டு மேசை ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட்டால் அதையே வாங்குங்கள், உணவுப் பட்டியலில் நூறு அயிட்டம் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். செல்பேசியில் தேடும்போதும் கடைப் பெயரைத் தேடாதீர்கள். 'ஆசாம் பெடாஸ் பாரி' (புளிக்காரக் குழம்பில் திருக்கை), 'இக்கான் பாக்கார்' (சுட்ட மீன்), 'மீன் தலைக் கறி' என்று பதார்த்தத்தையும் வட்டாரத்தையும் சேர்த்துத் தேடி, மதிப்பீடுகளைப் புதியது முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். சமையல்காரர் போய்விட்டால் பழைய ஐந்து நட்சத்திரம் பிரயோசனமில்லை. உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்செலின் வழிகாட்டி 2022 டிசம்பரில் கேஎல்-க்கும் பினாங்குக்கும் முதல் பட்டியல் வெளியிட்டதிலிருந்து சில கடைகளில் வரிசை நீண்டுவிட்டது, வரிசை பிடிக்குமென்றால் போங்கள்.

மலாய்க்காரர் கடைகளில் வாழையிலையில் சுட்ட மீனுக்குப் பழைய அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் ஜாலான் பெல்லாமி கடை வரிசையைச் சொல்வேன், மதியத்தில் அலுவலகக் கூட்டம் மொய்க்கும். மீனை அடுக்கி வைத்திருப்பார்கள், நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பாரி, கெம்போங், சோத்தோங் மூன்றும் தணலுக்குப் பொருந்தும். புளி, வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட ஆயர் ஆசாம் தொட்டுச் சாப்பிடுங்கள், கெச்சாப்பைத் தேடாதீர்கள். ஆற்று மீன் பிடிக்குமென்றால் பாத்தின் தெம்போயாக் கேளுங்கள், புளித்த டுரியானில் சமைத்த பாத்தின் மீன் அது. பாத்தினைப் பகாங் ஆற்றில் தெமர்லோ பக்கம் கூண்டில் வளர்க்கிறார்கள். கடல் மீன் வரத்து மோசமாக இருக்கும் மாதங்களில் எனக்கு இதுதான் கை கொடுக்கும்.

சீனர் கடையில் தொட்டி மீன் இருந்தால் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், எடை போடச் சொல்லுங்கள். பலகையில் 12 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதியிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் 100 கிராம் என்றிருக்கும். ஒரு கிலோ கெராப்பு (களவா) வந்தால் அது 120 வெள்ளி. விலைக்குப் பதிலாக 'அன்றைய விலை' என்று எழுதியிருந்தால் கேட்காமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம். ஒரு முறை கடலோரக் கடையொன்றில் நாங்கள் தேர்ந்தெடுத்த மீன் ஒன்று, மேசைக்கு வந்தது அதைவிடப் பெரியது. பில்லைப் பார்த்த பிறகுதான் வித்தியாசமே தெரிந்தது, கேட்டதற்கு 'மீன் வெந்தால் பெரிதாகும்' என்றார்கள். அன்றிலிருந்து தராசில் வைத்ததைப் படம் எடுத்துக்கொள்கிறேன். சியாக்காப் (கொடுவா) வளர்ப்பு மீன், சில குளத்து மீனில் சேற்று வாடை இருக்கும், அதை ஆவியில் வேகவைப்பதைவிடப் பொரித்துப் புளிப்பாகச் சாஸ் ஊற்றச் சொல்வது நல்லது. உயிர் மீனை மட்டும் ஆவியில் கேளுங்கள், இஞ்சியும் சோயாவும் போதும். சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் சமைப்பார்கள், அது ஆகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரைவேக்காட்டுக் கேராங் சிப்பி கேட்பவர்கள் ஹெப்பாடிட்டிஸ் ஏ என்ற கல்லீரல் நோய் பரவுவது அதிலும் உண்டு என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். நான் நன்றாக வேகவைக்கச் சொல்வேன், ரப்பராகிவிடும் என்று சமையல்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

நகரத்தை விட்டு வெளியே போகத் தயாரென்றால் வேறு கதை. கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறி பெலாபுஹான் கிள்ளானில் இறங்கினால் பக்கத்திலேயே படகுத் துறை, அங்கிருந்து புலாவ் கெத்தாம் தீவு. மரக்கால்களின் மேல் கட்டிய சீன மீனவர் கிராமம், கார் கிடையாது, மின்சைக்கிள்தான். நண்டும் லாலாச் சிப்பியும் வாங்குங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் மழை பிடித்தால் தவிக்க நேரும். கார் இருந்தால் கோலசிலாங்கூர் பாசிர் பெனம்பாங்கில் ஆற்றோரக் கடைகள் இருக்கின்றன, இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துவிட்டு வரலாம். இன்னும் வடக்கே செகிஞ்சான், ஒரு பக்கம் வயல், மறு பக்கம் மீன்பிடிப் படகுகள். வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கேஎல்-இல் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ஐஸ் பெட்டி எடுத்துப்போய் வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், மீனை வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொன்னால் செய்து தருவார்கள், ஆனால் தலையைத் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பில். பெரிய சீனர் கடைகளில் உட்கார்ந்ததும் வைக்கும் கச்சான் கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் காசு உண்டு, வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுங்கள். ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள் 6 விழுக்காடு சேவை வரி போடும், அது அரசாங்கத்துக்கு. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று தனியாக இருந்தால் அது கடைக்கு. விலை காட்டாமல் வைத்திருந்து பிறகு அநியாயமாகப் போட்டால் ரசீதையும் பலகைப் படத்தையும் வைத்து உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம், ரசீது இல்லாமல் புகார் நிற்பது கஷ்டம், ஆகவே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.