'வீ லேர்ன்': பழைய மதராஸ் பத்திரிகைகளில் ஒரு வினைச்சொல்லைத் தேடுவதும் தமிழாக்குவதும்

பள்ளிக்கூடத்தில் 'லேர்ன்' என்றால் 'கற்றுக்கொள்' என்று மனப்பாடம் செய்தோம். பழைய ஆங்கிலச் செய்திப் பத்தியில் அந்தப் பொருளோடு நுழைந்தால் முதல் வரியிலேயே தடுக்கி விழ நேரும். அங்கே அது 'சேதி எட்டியது' என்று சொல்லும் வினை. 'வீ லேர்ன்' என்றால் 'அறிகிறோம்'; 'இட் இஸ் லேர்ண்ட்' என்றால் 'எனத் தெரியவருகிறது'. தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கு இரண்டுமே பழகிய முடிப்புகள்தான்.

தேடலிலிருந்து தொடங்குவோம். ஸ்கேன் செய்த பக்கங்களில் 'லேர்ன்' என்று மட்டும் தட்டினால் பாதி நழுவிவிடும். அச்சில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகள் ஒட்டிக்கொண்டால், எழுத்துணரி மென்பொருள் அவற்றை ஒரே 'எம்' என்று படித்துவிடுகிறது. ஆகவே அந்தப் பிழை வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள். இறந்த காலத்துக்கு 'டி'யில் (t) முடிவது, 'இ-டி'யில் (ed) முடிவது என இரண்டு எழுத்துக்கூட்டல்கள் உண்டு, இரண்டும் வேண்டும். இரண்டாவதைத் தேடும்போது நீதிமன்றச் செய்திகள் வந்து குவியும், ஏனென்றால் 'லேர்னெட் ஜட்ஜ்', 'லேர்னெட் கவுன்சல்' என்பதற்கும் அதே எழுத்துகள்தான். அது 'கற்றறிந்த' என்னும் பெயரடை. அடுத்த சொல் நீதிபதியோ வக்கீலோ என்றால் ஒதுக்கிவிடலாம்.

1785இல் தொடங்கிய மெட்ராஸ் கூரியர் காலத்துத் தாள்களில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும். நம் வினைக்கு அதனால் சேதமில்லை. ஆனால் 'ஷிப்' போன்ற பக்கத்துச் சொல்லை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கிடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: பத்திரிகை, தேதி, பக்கம், பத்தி, வினையின் எழுவாய், சேதி வந்த வழி, சம்பவம் நடந்த நாள். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் சீட்டு பயன்படாது. வினை நிகழ்காலத்தில் இருந்தாலும் சம்பவம் பழையதாக இருக்கும். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த நாளில் லண்டன் சேதி மதராஸ் சேர மாதக்கணக்கில் ஆயிற்று; 1870இல் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்தபிறகு இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. தேதிக்குப் பக்கத்தில் 'அல்டிமோ' என்றிருந்தால் போன மாதம், 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம். இதைக் கவனிக்காமல் பத்திரிகைத் தேதியையே சம்பவத் தேதியாகக் குறித்துவிடும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, 'வீ' யார்? அந்தக் காலத் தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று தாராளமாக எடுத்துப் போட்டன. கல்கத்தா ஏட்டின் 'நாங்கள்' மதராஸ் தாளில் அப்படியே இருக்கும். துணுக்கின் கடைசி வரிவரை படியுங்கள். மூல ஏட்டின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் சாய்வெழுத்தில் ஒளிந்திருக்கும்.

மொழிபெயர்க்கும்போது உறுதியின் அளவைக் காப்பாற்ற வேண்டும். 'வீ ஹியர்' என்பது 'கேள்விப்படுகிறோம்'. 'வீ ஆர் இன்ஃபார்ம்ட்' என்றால் யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார், 'எங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது'. 'வீ லேர்ன்' இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது எங்கள் கணிப்பு. ஏட்டுக்கு ஏடு இது மாறும். ஒரே ஏட்டில் ஐம்பது சீட்டாவது சேர்த்தபிறகு முடிவு செய்யுங்கள். 'வீ லேர்ன் வித் ரிக்ரெட்' வந்தால் பெரும்பாலும் மரணச் செய்தி; 'வருத்தத்துடன் அறிகிறோம்' போதும், கூடுதல் கண்ணீர் வேண்டாம்.

தலையங்கத்தில் ஒரு பொறி உண்டு. 'வீ ஹாவ் யெட் டு லேர்ன் தட்...' என்று தொடங்கும் வாக்கியம் தகவல் இல்லை என்று சொல்லவில்லை, மறுக்கிறது. 'சர்க்காருக்கு அந்த அதிகாரம் உண்டென்று நாங்கள் இன்னும் அறியோம்' என்று நேராகப் பெயர்த்தால் சூடு ஆறிவிடுகிறது. 'அந்த அதிகாரம் உண்டென்பதை நாங்கள் ஒப்பவில்லை' என்பதே பொருள்.

சென்னையில் இந்த வேலைக்கு எழும்பூரே மையம். 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அங்கேதான். பழைய தாளின் ஓரம் தொட்டாலே உதிரும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், பென்சிலால் மட்டும் குறிப்பெடுங்கள். ஆவணக் காப்பகத்தில் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். சுதேசமித்திரன் போன்ற தாய்மொழி ஏடுகள் எழுதியதை அரசு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவை அவை. அங்கே 'வீ' மறைந்து ஏட்டின் பெயரே எழுவாயாகிவிடும். அத்தகைய வரியில் 'லேர்ன்' கண்டால் உடனே தமிழாக்காதீர்கள். தமிழ் மூலம் கிடைக்கிறதா என்று தரமணியிலுள்ள ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரியுங்கள். கிடைத்தால் ஏடு முதலில் எழுதிய சொல்லையே போடுங்கள். கிடைக்காவிட்டால், இது ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து பெயர்த்தது என்று அடிக்குறிப்பு எழுதுங்கள்.